செபஸ்தியாருக்கு ஒரு ரோஸ் ஸ்வெட்டர்

கொடைக்கானலில் ஜனவரி மாதம் சட்டையில்லாமல் நின்றவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தெருக்கோவில் செபஸ்தியார்.

மற்ற எல்லாரும் போர்த்திக்கொண்டுதான் திரிந்தோம். ஏரியோரம் குதிரை விடுகிறவர்கள் தங்களுக்குக் கம்பளியும் குதிரைக்குச் சாக்கும் கட்டிவிட்டிருந்தார்கள். காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் காதை மூடித் தலைப்பாகை கட்டியிருப்பார்கள், நாலு தரம் கூப்பிட்டால்தான் திரும்புவார்கள். விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி. இந்தக் குளிரில் எங்கள் செபஸ்தியார் இடுப்பில் ஒரு துண்டோடு, கைகளைப் பின்னால் மரத்தோடு சேர்த்துக் கட்டிய நிலையில், அம்பு வாங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றார். ரோமாபுரியில் சிப்பாயாக இருந்தவர், வேதத்தை விடமாட்டேன் என்று சொன்னதற்காக மரத்தில் கட்டி அம்பெய்தார்கள் என்று ஞான உபதேச வகுப்பில் படித்திருந்தோம். அங்கே குளிர் எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

சுரூபம் இத்தாலியிலிருந்து வந்தது. எங்கள் பங்குச் சாமியார் அந்த நாட்டில் ஒரு பட்டணத்துக்காரர். அவர் பிறந்த தெருவுக்கும் செபஸ்தியார்தான் பாதுகாவலர். அந்தத் தெருக்காரர்களே தங்கள் செபஸ்தியாரைப் போல இன்னொருவரைச் செய்து கப்பலில் அனுப்பிவைத்தார்கள். உடம்பில் ஐந்து துளை, செருகுவதற்கு ஐந்து இரும்பு அம்பு என்று கடிதத்தில் எழுதியிருந்ததாம். பெட்டியைப் பிரித்தபோது அம்பு நாலுதான் இருந்தது. ஐந்தாவது துளை, இடது விலாவில், வருஷக்கணக்காகச் சும்மாவே கிடந்தது. கோவில்பிள்ளை, அதாவது கோவிலைக் கூட்டி மணியடித்துப் பீடத்தை ஒழுங்கு பண்ணுகிறவர், சிலந்தி கூடு கட்டாமல் இருக்க அதில் மெழுகு அடைத்து வைத்திருந்தார்.

செபஸ்தியார் திருநாள் ஜனவரியில் வரும். ஒவ்வொரு திருநாளுக்கும் சாமியார் ஒரே பிரசங்கத்தைத்தான் வைப்பார். தமிழைப் பழைய புத்தகங்களில் படித்தவர், அதனால் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். "எங்கள் ஊரிலும் இந்நாளில் கடுங்குளிர். ஆயினும் அவரைச் சுமப்போர் வெறுங்காலோடு நடப்பார்கள். நோயாளி இருக்கும் வீட்டின் முன்னே அவரைத் திருப்பி நிறுத்துவார்கள். அவர் அந்த வீட்டை நோக்குவார். ஏன்? அவர் தம்மையே மறைக்காதவர்." இதைச் சொல்லும்போது சாமியார் உடம்பில் அங்கிக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர், வெளியே ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், கையில் உல்லன் உறை. பிரசங்கத்துக்காக மங்கிக் குல்லாவை மட்டும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருப்பார்.

நான் கன்னியர் பள்ளியில் தையலும் ஸ்வெட்டர் பின்னலும் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். எனக்கு மூக்குநுனியில் கோபம் என்பது தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் காய்கறி லாரி ஓட்டினார். கோஸும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு வெள்ளனே மலையிறங்கினால் சாயங்காலம் திரும்புவார். எங்களுக்கு ஒரே மகள். பிறந்த முதல் குளிரை எப்படியோ தாண்டிவிட்டாள். இரண்டாவது குளிரில் இளைப்பு பிடித்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் இருக்கும்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "இது மலைக்குளிர் தாங்குற நெஞ்சு இல்லம்மா. கீழ கொண்டுபோயிருங்க. வளந்தா சரியாயிரும். இங்கயே வச்சிருந்தீங்கன்னா ஒவ்வொரு குளிருக்கும் கண்டந்தான்."

வத்தலக்குண்டில் என் அம்மா இருந்தாள். பிள்ளையைக் கொண்டுவா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். நான் விடவில்லை. என் சோலி இங்கே, அவர் லாரி இங்கே, கன்னியர்கள் கொடுத்த வீடு இங்கே. பெற்றவள் மேலேயும் பிள்ளை கீழேயும் இருப்பது என்ன பிழைப்பு என்று வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் லாரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்.

அந்த வருஷத் திருநாள் பூசையில் பிள்ளை என் மடியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாமியார் "தம்மையே மறைக்காதவர்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார். நான் அண்ணாந்து செபஸ்தியாரைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. மனசுக்குள்ளேயே சொன்னேன்: நீரும் நெஞ்சைத் திறந்துபோட்டுக் குளிரில் நிற்கிறீர். உமக்குத் தெரியாததா? இவள் மூச்சைச் சரிபண்ணி இவளை என்னிடமே விட்டுவையும். அடுத்த திருநாளைக்கு உமக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடுகிறேன். மற்றவர்கள் மெழுகுவத்தி நேர்ந்துகொள்வார்கள், கோழி நேர்ந்துகொள்வார்கள். எனக்குத் தெரிந்த தொழில் ஸ்வெட்டர்.

மூன்றாம் நாள் இளைப்பு நின்றது. வெயில் வந்தது, சீசன் வந்தது, மழை வந்தது, பிள்ளை ஓடித்திரிந்தாள். நானும் நேர்ச்சையைக் கொஞ்சம் மறந்துதான் போனேன். டிசம்பர் பிறந்து முதல் உறைபனி விழுந்த அன்றைக்குப் பூனைக்குட்டி மறுபடியும் கத்தியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் ஸ்வெட்டரைக் கேட்கிறார்.

நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். ஞான உபதேசம் சொல்லித்தருகிறவர், திருநாள் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, கமிட்டியைக் கூப்பிட்டுவிட்டார். நாலு பேர் கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து அன்றைக்கு முழுக்கப் பேசினார்கள்.

"ஸ்வெட்டர் போட்டா அவரு யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார் ஒருவர். "சீசனுக்கு வர்றவங்க பாத்தா படகுக்காரர்னுல்ல நெனைப்பாங்க."

"அம்பு இருக்குல்ல. அம்பப் பாத்தாத் தெரியும்."

"அம்பு ஸ்வெட்டருக்கு உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா?"

இதற்குத்தான் வெகுநேரம் பிடித்தது. உள்ளே இருந்தால் ஸ்வெட்டர் கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நிற்கும். வெளியே இருந்தால், ஸ்வெட்டர் போட்ட பிறகு அம்பெய்தார்கள் என்று ஆகிவிடும், அது வேத சரித்திரத்துக்கு விரோதம் என்றார் உபதேசியார். அப்படியானால் எய்தவர்களும் குளிருக்குப் போர்த்தியிருந்தார்களா என்று இன்னொருவர் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்புக்கு அம்பு பட்டன்துளை மாதிரி ஓட்டை விட்டுப் பின்னிருவேன். நீங்க அளவெடுக்க ஏணி குடுத்தாப் போதும்" என்றேன். சாமியார் சம்மதித்தால் தங்களுக்கும் சம்மதம் என்று எழுந்து போனார்கள்.

சாமியாரைக் கேட்பதற்கு முன்பே அளவெடுத்துவிட்டேன். கோவில்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டார். பொம்பிளை ஒருத்தி புனிதருடைய நெஞ்சைத் தொட்டு அளப்பதைத் தான் பார்ப்பது மரியாதையில்லை என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "வெரசா எறங்குங்க டீச்சரம்மா, யாராச்சும் வந்துருவாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேதான் சங்கடம் தெரிந்தது. முதுகு மரத்தோடு ஒட்டியே வார்த்திருந்தார்கள். அவருக்கு மட்டும் தனியாக ஸ்வெட்டர் போட வழியே கிடையாது, மரத்தையும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஆளும் மரமுமாகச் சுற்றளவு நாற்பத்தெட்டு இஞ்சு வந்தது. கை நுழைக்க முடியாது, ஆகவே கைகளுக்கு நீளவாக்கில் பட்டன். மரத்துக்குப் பின்பக்கம் ஒரு வரிசை பட்டன்.

சாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கூடாது."

"சாமி, நேர்ச்சை."

"அம்மா, வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சியின் காயங்களை மறைத்தல் தகாது. அந்த ஆடையை ஓர் ஏழைக்குக் கொடு."

"ஏழைக்கும் பின்னுறேன் சாமி. ஆனா நான் சொன்னது இவருக்கு."

"அவர் சுண்ணாம்பு, அம்மா. அவருக்குக் குளிர்வதில்லை."

"குளிருது சாமி. நீங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அவருக்குக் குளிரலைன்னு சொன்னா எப்படி?"

சாமியார் கீழே தம்முடைய ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு மப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தமக்கு மார்ச்சளி என்றும் அது வேறு விஷயம் என்றும் சொல்லி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரை எதிரே கண்டால் "ஸ்தோத்திரம் சாமி" என்று சொல்லாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு போனேன். பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் அவரிடமே அதைச் சொல்லவும் வேண்டியதாயிற்று.

நான் பின்ன ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு பெரிய சுற்றளவுக்கு ஒரே நிறத்தில் நூல் என்னிடம் ரோஸ்தான் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மா ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன மூட்டை அது, மிட்டாய் ரோஸ். உபதேசியார் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "வேதசாட்சிக்கு ரத்தச் செவப்புல்ல நெறம், டீச்சர்?"

"செவப்பு வெளுத்தா ரோஸ்தான உபதேசியாரே. அவரு எத்தன வருசமா நிக்காரு."

மிஞ்சின நூலில் மகளுக்கும் ஒன்று பின்னினேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு, இழுக்கிற மூச்சோடு, ஜன்னலில் உட்கார்ந்து நான் மரத்துக்குப் பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருநாளுக்கு முந்தின வாரம் இளைப்பு முற்றியது. படுக்கவைத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது, தோளிலேயே வைத்திருந்தோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நான் போன வருசமே சொன்னேன்" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம்.

திருநாளன்று மூன்று மணிக்குச் சப்பரம். சமவெளியில் ராத்திரியில் வைப்பார்கள். எங்களுக்கு நாலரைக்கு மேல் வெளியே நிற்க முடியாது. மதியம் சாமியார் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் நானும் கோவில்பிள்ளையும் வேலையை முடித்தோம். அம்புகளைக் கழற்றி, ஸ்வெட்டரைச் சுற்றிப் பட்டன் போட்டு, ஓட்டை பார்த்துத் திரும்பச் செருகினோம். கணக்குத் தப்பவில்லை, நாலும் நேராக இறங்கின. துளைக் கணக்குப்படி ஓட்டை ஐந்து விட்டிருந்தேன், அம்பில்லாத ஐந்தாவதுதான் விலாவில் ஈயென்று இளித்துக்கொண்டிருந்தது. குளிர்காற்று அதன் வழியாகத்தான் போகும் என்று எனக்குத் தோன்றியது. மெழுகைத் தோண்டிவிட்டு என் பின்னல் ஊசியில் ஒன்றைச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

சாமியார் கண்ணில் படாமல் இருக்க வழி செய்திருந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லிக் கீழேயிருந்து ஒரு கூடை செவ்வந்தி மாலை கொண்டுவரச் செய்தேன். இடுப்பிலிருந்து தாடைவரை மாலைக்கு மேல் மாலை. முகம் மட்டும் தெரிந்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். "மலர்கள் மிகுதி" என்றார், அவ்வளவுதான். அந்த வருஷம் அவர் ஊர் வழக்கப்படி தூக்குகிறவர்கள் எல்லாரும் வெறுங்கால். சில்லிட்ட தரையில் கோழி நடப்பதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். பேண்டு வாத்தியத்தோடு சாமியார் குடையும் ஜெபப்புத்தகமுமாக முன்னே நடந்தார். பெண்கள் நாங்கள் சப்பரத்துக்குப் பின்னே.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் சப்பரம் வீட்டுக்கு வீடு நிற்கும். வீட்டுக்காரர்கள் சப்பரத்தின்மேல் உப்பும் மிளகும் போட்டுக் கும்பிடுவார்கள். பதிலுக்கு மேலே நிற்கிற கோவில்பிள்ளை புனிதர் கழுத்திலிருந்து ஒரு மாலையைக் கழற்றிக் கொடுப்பார். நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து வாங்குகிற மாலை அது. அன்றைக்கு எனக்கு அது ஞாபகமே இல்லை. என் வீடோ தெருக்கடைசி.

நாலாவது வீட்டில் ரோஸ் தோள் தெரிந்தது. கோவில்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாலை கொடுக்காதே என்று ஜாடை காட்டினேன். அவர் கைகூப்பி நிற்கிற வீட்டுக்காரியைக் காட்டினார். மாலையில்லாமல் அவள் விடமாட்டாள். ஏழாவது வீட்டில் நெஞ்சு வெளியே வந்துவிட்டது. நல்லவேளையாக மூடுபனி இறங்கி, முன்னே போகிற சாமியாருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்தது. காய்கறி மண்டிக்காரர் இந்து, ஆனால் வருஷாவருஷம் உப்பு மிளகு போடத் தவறமாட்டார். அவர் சப்பரத்தைப் பார்த்தார், பிறகு வேகமாக முன்னே ஓடிப்போய்ச் சாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, புண்ணியமாப் போகும் ஒங்களுக்கு. எத்தன வருசமாப் பாத்து மனசு கேக்காமக் கெடந்தேன். இப்பவாச்சும் செஞ்சீங்களே." சாமியார் ஒன்றும் விளங்காமல், "சர்வேசுரன் உம்மை ஆசீர்வதிப்பாராக" என்றார். அடுத்த வீட்டிலும் நன்றி சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டில் முழங்காலில் விழுந்தார்கள். சாமியார் முகம் மலர்ந்துவிட்டது. தம் பிரசங்கம் இந்த வருஷம்தான் உறைத்தது என்று நினைத்திருப்பார். மிளகு மூக்கிலேறித் தும்மிக்கொண்டே எல்லாரையும் ஆசீர்வதித்தார். பேக்கரிக்காரர் மனைவி சுக்குக் காப்பி கொண்டுவந்து அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, "அவருக்கும் ஒண்ணு வைக்கட்டா சாமி?" என்றாள். பக்கத்தில் வந்த உபதேசியாரைச் சொல்கிறாள் என்று எண்ணி, "தாராளமாக" என்றார் சாமியார். அவள் ஆவி பறக்கிற டம்ளரைச் செபஸ்தியார் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

என் வீட்டுக்கு வந்தபோது ஒரு மாலைகூட மிச்சமில்லை.

ஜன்னலில் வீட்டுக்காரர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். சாமியார் கையை உயர்த்தினார். "இங்கே நோயாளி உண்டு. அவரைத் திருப்புங்கள்." தூக்குகிறவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துச் சப்பரத்தை என் வீட்டுப் பக்கமாகத் திருப்பினார்கள். சாமியாரும் கூடவே திரும்பினார்.

மிட்டாய் ரோஸ் ஸ்வெட்டர், மரத்துக்கும் சேர்த்து. பட்டன்துளைகளில் நாலு அம்பு. விலாவில் பின்னல் ஊசி. காலடியில் சுக்குக் காப்பி. பின்னின எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது.

பேண்டு வாத்தியம் தானாக நின்றுவிட்டது. ஜன்னலிலிருந்து மகள் சொன்னாள்: "சாமி எஞ்சட்டை போட்டுருக்கு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமலுக்குப் பிறகு அந்த இழுப்பு. வாத்தியம் நின்றிருந்ததால் தெரு முழுக்க அது கேட்டது.

கழற்று என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்வோம் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தேன். ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் தொண்டையில் இருந்தது. சாமியார் செபஸ்தியாரைப் பார்த்தார், ரோஸ் ஸ்வெட்டர் போட்ட என் பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேட்பதுபோல் கேட்டார்.

"அம்மா, இவருக்குக் குளிர்கிறது என்று நீதானே சொன்னாய்?"

"ஆமா சாமி."

"சுண்ணாம்பினால் ஆனவருக்கே இங்கே குளிர்கிறது என்றால், இந்தக் குழந்தையை ஏன் இங்கே வைத்திருக்கிறாய்?"

இழுத்துச் செருகியிருந்த முந்தானையை நான் உருவிவிட்டேன். சாமியார் ஸ்வெட்டரைக் கழற்றவும் சொல்லவில்லை. தம் கழுத்து மப்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, செபஸ்தியார் அந்த வீட்டை இன்னும் கொஞ்சநேரம் பார்க்கட்டும் என்றார். வெறுங்கால்காரர்கள் கெஞ்சின பிறகுதான் சப்பரம் நகர்ந்தது.

மறுநாள் வெள்ளனே கோஸ் மூட்டைகளோடு நாங்கள் மூன்று பேரும் மலையிறங்கினோம். பாதி மலையில் ஊத்து என்கிற ஊர்ப் பக்கம் வந்தபோது மகள் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாள். வளைவுக்கு வளைவு அந்தப் பூனைக்குட்டியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. வத்தலக்குண்டில் அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் வெறும் பாவாடையோடு கோழிக்குப் பின்னால் ஓடினாள். இரண்டு நாள் இருந்து பார்த்தேன், மூச்சில் ஒரு சத்தமும் இல்லை. காலி லாரியில் காலிச் சாக்குகளோடு நான் மலையேறினேன். வழியெல்லாம் வீட்டுக்காரர்மேல் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

செபஸ்தியார் அதற்குப் பிறகு எந்த ஜனவரியிலும் வெறும் உடம்பாக நிற்கவில்லை. அடுத்த வருஷமே குழந்தை யேசுவுக்குக் காலுறை வந்தது. சூசையப்பருக்கு யாரோ மங்கிக் குல்லா மாட்டினார்கள், அதைமட்டும் சாமியார் எடுத்துவிட்டார். நேர்ச்சை பலித்ததா இல்லையா என்று கமிட்டி இன்னொரு நாள் முழுக்கப் பேசியது. மூச்சு சரியானது, அது பலித்தது. என்னிடமே விட்டுவையும் என்று கேட்டது பலிக்கவில்லை. பாதி நேர்ச்சைக்குப் பாதி ஸ்வெட்டர் போதாதா என்று உபதேசியார் என்னைக் கேட்டார். நான் முறைத்த முறைப்பில் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் செபஸ்தியாருக்குப் புதிது பின்னினேன். ஏணி வேண்டியதில்லை. மரத்தோடு சேர்த்து நாற்பத்தெட்டு, அது மாறவே இல்லை. மகளுக்கு ஒவ்வொரு வருஷமும் பின்னினேன். கீழே அவளுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று அம்மா கேட்டாள், லீவுக்கு வரும்போது போடட்டும் என்றேன். அளவெடுக்க ஆள் இங்கே இல்லை, கண் மதிப்பாகத்தான் பின்னுவேன். மே மாதம் அவள் மலையேறி வந்து போட்டுப் பார்க்கும்போதெல்லாம் கை குட்டையாக இருந்தது.